குரல் விட்ட ராகத்தைக் கித்தார் எடுத்துக்கொண்ட ஆல்பம்: பாரடைஸ் லாஸ்டின் 'கோதிக்' (விவாத இழை)

பெண்ணைக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்) எழுதியது:

பாரடைஸ் லாஸ்ட் குழுவின் 'கோதிக்' ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், டெத் மெட்டல் என்னும் கடின இசை வகையின் உறுமல் குரலோடு பெண் குரலையும் வாத்தியக் குழுவின் ஒலியையும் இணைத்துக் காட்டியவர்கள் இவர்கள் என்பதோடு பாராட்டு முடிந்துவிடுகிறது. இந்தப் பாராட்டு ஆல்பத்தின் மேற்பரப்பைத்தான் தொடுகிறது என்பது என் உறுதியான கருத்து. சாரா மாரியன் பாடும் பகுதிகள் பத்துப் பாடல்களுள் மிகச் சிலவற்றிலேயே வருகின்றன. ஆல்பக் குறிப்பில் 'தி ராப்சர்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா' என்று பெயரிடப்பட்டுள்ள வாத்தியக் குழுவின் ஒலியும் அப்படியே. இவை இரண்டையும் நீக்கிவிட்டுக் கற்பனை செய்து பார்த்தால் இழப்பு உண்டு, ஆனாலும் ஆல்பம் நிற்கும். கிரெகர் மெக்கின்டாஷின் லீட் கித்தாரை நீக்கினால் எதுவும் நிற்காது.

புதியவர்களுக்காகச் சில விவரங்கள். இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷர் பகுதியிலுள்ள ஹாலிஃபாக்ஸ் நகரில் 1988இல் இந்தக் குழு தொடங்கியது. குரல் நிக் ஹோம்ஸ், லீட் கித்தார் மெக்கின்டாஷ், ரிதம் கித்தார் ஆரன் ஏடி, பேஸ் கித்தார் ஸ்டீவ் எட்மண்ட்சன், டிரம்ஸ் மாத்யூ ஆர்ச்சர். 1990இல் 'லாஸ்ட் பாரடைஸ்' என்ற முதல் ஆல்பத்தையும் 1991இல் 'கோதிக்' ஆல்பத்தையும் பீஸ்வில் நிறுவனம் வெளியிட்டது. 'கோதிக்' பக்கத்து ஊரான டியூஸ்பரியின் அகாடமி ஸ்டூடியோவில் பதிவானது. முழு ஆல்பமும் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். உறுமல் குரலில் சுருதி பிடிக்க முடியாது. அதில் தாளம் உண்டு, அழுத்தம் உண்டு, சொற்களின் விளிம்பு உண்டு. ஆனால் ஏறி இறங்கும் ராகம் இல்லை. ரிதம் கித்தாரோ பெரும்பாலும் பவர் கார்டு எனப்படும் கூட்டொலியை வாசிக்கிறது. அதில் ஆதார ஸ்வரமும் அதன் பஞ்சமமும் மட்டுமே உண்டு. மனநிலையைத் தீர்மானிக்கும் காந்தாரம் (மூன்றாம் ஸ்வரம்) அங்கே ஒலிப்பதே இல்லை. ஆகவே குரலும் ரிதம் கித்தாரும் சேர்ந்தும் ஒரு பாடல் துயரமானதா, வீரமானதா, வெறும் முரட்டுத்தனமா என்று நமக்குச் சொல்லுவதில்லை. அதைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் லீட் கித்தாரிடம் வந்து சேர்கிறது. மெக்கின்டாஷ் அதை அறிந்தே வாசிக்கிறார். மற்ற குழுக்களில் பாடலின் நடுவே ஓரிடத்தில் வந்து வேகம் காட்டிவிட்டுப் போகும் தனி ஆவர்த்தனமாக இருந்த லீட் கித்தார், இங்கே பாடலின் முதல் நொடியிலிருந்து பாடகரின் வேலையைச் செய்கிறது. தலைப்புப் பாடலையும், 'ராப்சர்' பாடலையும், 'எடர்னல்' பாடலையும் இந்த நோக்கில் கேட்டுவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அந்திக்கரை (புதுச்சேரி, முத்தியால்பேட்டை) எழுதியது:

லீட் கித்தாரைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த வாதத்தின் முடிவு 'கோதிக்' ஆல்பத்தில் அல்ல, மை டையிங் பிரைடு குழுவின் 'டர்ன் லூஸ் தி ஸ்வான்ஸ்' ஆல்பத்தில்தான் இருக்கிறது என்பேன். 1993இல் வந்த அந்த ஆல்பமும் அதே பீஸ்வில் வெளியீடு, அதே அகாடமி ஸ்டூடியோவில் பதிவானது. அங்கே ராகத்தைச் சுமக்கும் பொறுப்பு மார்ட்டின் பவலின் வயலினுக்கும் தரப்பட்டிருக்கிறது. அதோடு ஆரன் ஸ்டெய்ன்தோர்ப் பல இடங்களில் உறுமலை விட்டுத் தெளிந்த குரலில் பாடவும் துணிகிறார். முந்தைய ஆண்டு வெளிவந்த முதல் ஆல்பத்தில் 'சியர் மீ' என்ற பாடல் லத்தீன் வரிகளோடு உறுமலாக வந்தது. அதே பாடலை இரண்டாவது ஆல்பத்தின் தொடக்கத்தில் டிரம்ஸும் இரைச்சல் கித்தாரும் இல்லாமல், பியானோவும் வயலினும் குரலும் மட்டுமாகத் திரும்பச் செய்திருக்கிறார்கள். இந்த அளவு துணிச்சல் 'கோதிக்' ஆல்பத்தில் எங்கே இருக்கிறது?

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். 'கோதிக்' ஆல்பத்தில் வாத்தியக் குழுவின் பகுதிகள் ஒடுங்கி ஒலிக்கின்றன. எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவில் ஞாயிறு திருப்பலியின்போது ஆர்கன் ஒலி மேல்வளைவுகளைத் தொட்டுத் திரும்புவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இது உடனே புலப்படும். அந்தப் பகுதிகள் கேட்பது அத்தகைய உயரத்தை. ஒலிப்பதிவில் கிடைத்திருப்பதோ தாழ்ந்த கூரையுடைய ஓர் அறை. அந்தக் குறையை லீட் கித்தாரின் சிறப்பைச் சொல்லி மறைத்துவிட வேண்டாம்.

பெண்ணைக்கரை எழுதியது:

'டர்ன் லூஸ் தி ஸ்வான்ஸ்' என் விருப்பத்துக்குரிய ஆல்பங்களுள் ஒன்று. ஆனாலும் நீங்கள் துணிச்சல் என்று அழைப்பதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். வயலின் வந்ததும் துயரத்துக்கென்று ஒரு கருவி கிடைத்துவிடுகிறது. கேட்பவரும் வயலினின் முதல் இழுப்பிலேயே, இது துயரமான இடம் என்று புரிந்துகொள்கிறார். மெக்கின்டாஷிடம் அத்தகைய தனிக் கருவி இல்லை. மற்றவர்கள் வெறிக்கும் வேகத்துக்கும் பயன்படுத்திய அதே இரைச்சல் கித்தாரில், நீண்டு நிற்கும் ஒற்றை ஸ்வரங்களால், அதே துயரத்தை அவர் எழுப்பியாக வேண்டியிருந்தது. இரைச்சலூட்டிய கித்தாரில் ஸ்வரம் சட்டென்று மங்குவதில்லை. வில்லிசைக் கருவிபோல நீண்டு நிற்கிறது. அந்த இயல்பை ராகத்துக்காகப் பயன்படுத்தியதே அவருடைய சாதனை. எடுத்துக்கொண்ட கருவியின் இயல்பிலிருந்தே துயரத்தைப் பிறப்பித்ததைத்தான் நான் பெரிய துணிச்சலாகக் கருதுகிறேன்.

ஒலிப்பதிவைப் பற்றி நீங்கள் சொன்னது சரியானது. வாத்தியக் குழுவின் ஒலி ஒடுங்கியே இருக்கிறது. 2014இல் பல்கேரியாவின் ப்லோவ்டிவ் நகரத்துப் பழைய ரோமானியத் திறந்தவெளி அரங்கில் உண்மையான வாத்தியக் குழுவோடும் சேர்ந்திசைக் குழுவோடும் இவர்கள் நடத்திய நிகழ்ச்சி அடுத்த ஆண்டு வெளியிடப்பட்டது. அதைக் கேட்டால், இந்த இசைக்குள் எவ்வளவு இடம் இருந்தது என்று விளங்கும். இருந்தாலும் 1991இன் நெருக்கமான ஒலியில் ரிதம் கித்தாரும் பேஸும் ஒரே கரிய பரப்பாக ஒன்றிப்போவதால், அதன்மேல் லீட் கித்தார் எழுதும் கோடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இந்தக் குறையை நீக்கினால் அந்தக் கூர்மையும் குறைந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

நான்காம் கட்டை (புதுச்சேரி, லாஸ்பேட்டை) எழுதியது:

கர்நாடக இசையில் வயலின் பயிலும் ஒருவரின் காதிலிருந்து இதைச் சொல்கிறேன். இழையைத் தொடங்கியவர் பவர் கார்டில் ஆதாரமும் பஞ்சமமும் மட்டுமே உண்டு என்று எழுதியதைப் படித்தபோது, அது நம் தம்புராவின் சுருதி அல்லவா என்றுதான் முதலில் தோன்றியது. தம்புராவும் பஞ்சமத்தையும் ஷட்ஜத்தையும் மட்டுமே ஒலித்துக்கொண்டு, காந்தாரத்தைப் பாடகரிடம் விட்டுவிடுகிறது. ராகம் எது என்பதைத் தம்புரா சொல்லுவதில்லை. மேலே வரும் ஒற்றைக் கோடுதான் சொல்கிறது. மேலைநாட்டு இசையின் அடுக்கொலிகளுக்குப் பழகாத நம் ஊர்க் காதுகள் இந்த ஆல்பத்தை எளிதாகப் பற்றிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. தம்புரா நகராது. ரிதம் கித்தாரின் ஆதாரமோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. லீட் கித்தார் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, கீழே ஆதாரம் இடம் மாறினால், அதுவரை பஞ்சமமாக ஒலித்த அந்த ஸ்வரம் திடீரென்று காந்தாரமாகிவிடுகிறது, பிறகு வேறொன்றாகிறது. ஸ்வரம் அசையவில்லை, ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. நம் இசையில் கிரகபேதம் (ஆதார ஸ்வரத்தை இடம் மாற்றி வேறொரு ராகம் தோன்றச் செய்தல்) செய்யும்போது கிடைக்கும் வியப்பு இங்கே ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிறது. வேகமான பாடலில் இதை உணர நேரம் இருக்காது. இந்த ஆல்பம் சார்ந்த டூம் மெட்டல் வகையின் மெதுவான நடையில் ஒவ்வொரு மாற்றத்தையும் காது முழுமையாக வாங்கிக்கொள்ள முடிகிறது. எனவே இங்கே மெதுவான காலப்பிரமாணம் சோகத்துக்கான அலங்காரம் மட்டுமல்ல. இந்த ஸ்வர மாற்றங்கள் வேலை செய்வதற்கே அது தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

இந்த இசைவகையில் பெரிதும் ஆளப்படும் இயற்கை மைனர் அளவுகோலின் ஸ்வரங்கள் நம் நடபைரவிக்கும், ஹார்மானிக் மைனரின் ஸ்வரங்கள் கீரவாணிக்கும் பொருந்தும். அதற்காக இதை நடபைரவி என்று அழைத்துவிடக் கூடாது. கமகம் (ஸ்வரத்தை அசைத்து இசைத்தல்) இல்லாமல் ராகம் இல்லை. மெக்கின்டாஷ் ஸ்வரத்தை வளைக்கிறார், நடுக்குகிறார். ஆனால் அந்த அசைவு ஸ்வரம் நிலைபெற்ற பின் அதன்மீது வருவது. நம் கமகமோ ஸ்வரத்தின் உருவமே.

கெடிலம் (கடலூர் முதுநகர்) எழுதியது:

இவ்வளவு நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் 'கோதிக்' கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒப்பாரிதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பகுதியில் சாவு விழுந்த வீட்டில் ஒரு மூத்த பெண் அடியெடுத்துக் கொடுக்க, சுற்றி அமர்ந்தவர்கள் தோளோடு தோள் சாய்ந்து அதை வாங்கிப் பாடுவார்கள். வெளியே பறை ஒலித்துக்கொண்டிருக்கும். இந்த ஆல்பத்திலும் கீழே பறைபோல டிரம்ஸும் உறுமலும் அடிக்க, மேலே கித்தார் அழுகிறது. தலைப்புப் பாடலில் சாரா மாரியனின் குரல் எழும்போது அந்த நெருக்கம் இன்னும் கூடுகிறது. நம் மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்த இசை அந்நியமாகத் தோன்றாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

பாதிரிப்புலியூரான் (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்) எழுதியது:

நண்பர் கெடிலம் அவர்களின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் இந்த ஒப்புமையை அப்படியே ஏற்பதற்கில்லை. ஒப்பாரி ஒருவரை நோக்கிப் பாடப்படுவது. இறந்தவரை முறை சொல்லி அழைத்து, அவர் வாங்கித் தந்தது, கட்டிய வீடு, விட்டுச்சென்ற பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, சில நேரம் அவரோடு சண்டையும் போட்டு அழுவது. அதில் பிறந்த வீட்டின் பெருமையும் புகுந்த வீட்டின் குறையும்கூட வெளிவரும். அதோடு அது கூடியிருந்து அழுவது. ஒருத்தியின் துயரத்தை மற்றவர்கள் பகிர்ந்து சுமப்பது.

'கோதிக்' ஆல்பத்தின் துயரத்துக்கு முறைசொல் இல்லை. யார் இறந்தார், யார் அழுகிறார் என்று அது சொல்லுவதில்லை. நம்பிக்கை இழத்தல், உணர்வு மரத்துப்போதல், மதத்தின்மீதான வெறுப்பு என்று அதன் வரிகள் சுற்றி வருகின்றன. பாடல் தலைப்புகளே 'டெட் எமோஷன்', 'ஷாட்டர்ட்', 'டெசோலேட்' என்றுதான் அமைந்திருக்கின்றன. அந்தத் துயரத்தில் கூடியழுபவர்கள் இல்லை. ஒரு தனி மனிதர் தம் அறைக்குள் இருந்துகொண்டு உணரும் வெறுமை அது. எனவே ஒப்பாரியின் அருகில் இதை வைத்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு இந்த ஆல்பம் தேவைப்பட்டதே அந்தத் தூரத்தினால்தான். உறவினர்கள் கூடி அழுவதற்கு வழியில்லாத துயரங்களும் மனிதருக்கு உண்டு. அவற்றுக்கு நம் மரபில் எளிதில் பாட்டுக் கிடைப்பதில்லை.

கெடிலம் எழுதியது:

வரிகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் வரிகளைக் கேட்கவில்லை. உறுமலில் வரிகள் எனக்குப் புரிவதும் இல்லை. ஒப்பாரியில் சொற்கள் தேய்ந்து, இழுப்பு மட்டும் மிஞ்சும் இடங்கள் உண்டு. அடியின் கடைசியில் ஸ்வரம் மெல்லக் கீழிறங்கி மூச்சில் கரையும். மெக்கின்டாஷ் ஒரு வரியை முடிக்கும் விதமும் அப்படியே கீழ்நோக்கி இறங்குகிறது. என் ஒப்புமை அந்த இறக்கத்தைப் பற்றியது. அதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பாதிரிப்புலியூரான் எழுதியது:

அந்த இறக்கத்தைக் கேட்டிருக்கிறேன். அந்த அளவில் உங்களோடு உடன்படுகிறேன்.

ஆலைச்சங்கு (புதுச்சேரி, முதலியார்பேட்டை) எழுதியது:

இந்த ஆல்பம் பிறந்த ஊரைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். ஹாலிஃபாக்ஸும் டியூஸ்பரியும் கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர்கள். ஹாலிஃபாக்ஸின் டீன் கிளஃப் கம்பள ஆலை உலகின் மிகப் பெரிய கம்பள ஆலைகளுள் ஒன்றாக விளங்கி, 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. இந்தக் குழுவினர் பதின்வயதில் இருந்தபோது 1984இலும் 1985இலும் யார்க்‌ஷரின் சுரங்கத் தொழிலாளர்கள் நீண்ட வேலைநிறுத்தத்தில் தோற்றார்கள். புகைபோக்கிகள் நின்றுபோன ஊரில் வளர்ந்த பிள்ளைகள் உருவாக்கிய இசை இது. எங்கள் ஊரும் ஆலைகளின் ஊர்தான். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததை இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். எங்கள் வீட்டிலும் இரண்டு தலைமுறை ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்தது. அந்தச் சங்கு நின்றுவிட்ட தெருவில் இருந்துகொண்டு இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது, அந்த ஊர்க்காரர்களின் மனநிலை எனக்கு விளங்குவதாகவே உணர்கிறேன்.

அந்திக்கரை எழுதியது:

தோழருக்கு வணக்கம். ஊரின் வரலாறு அறிய வேண்டியதுதான். ஆனால் ஆலை மூடியதிலிருந்து நேராக ஆல்பத்துக்கு வந்துவிட முடியாது. அதே ஊர்களிலிருந்து அதே ஆண்டுகளில் நடன இசையும் வந்தது, மகிழ்ச்சியான பாடல்களும் வந்தன. ஆலைக்கும் இந்த இசைக்கும் இடையே உறுதியான ஒரு தொடர்பைச் சொல்ல வேண்டுமென்றால், பர்மிங்காமின் கித்தார் கலைஞர் டோனி அயோமியிடம் போக வேண்டும். தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த அவர், 17ஆம் வயதில் வலக்கை விரல் இரண்டின் நுனியை இயந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். விரல் நுனிகளுக்குத் தாமே உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளைக் கட்டினார், 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சுருதியையும் கீழே இறக்கினார். பிளாக் சாபத் குழுவின் அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலியிலிருந்துதான் டூம் மெட்டல் என்ற மரபே கிளைத்தது. தொழிற்சாலை இந்த இசையின் ஒலிக்குள்ளேயே நுழைந்த வழி அது. மனநிலையின் வழியாக நுழைந்தது என்பதை நிறுவுவது கடினம்.

ஆலைச்சங்கு எழுதியது:

அயோமியின் கதை நான் சொல்ல வந்ததற்கு வலுச்சேர்க்கிறது. மனநிலையை நிறுவ முடியாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் நிறுவ முடியாததனாலேயே அது இல்லை என்றாகிவிடாது.

வெள்ளிக்கடற்கரை (கடலூர், தேவனாம்பட்டினம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்த வகை இசைக்கு நான் புதியவள். தலைப்புப் பாடலும் 'எடர்னல்' பாடலும் என்னைப் பெரிதும் ஈர்த்தன. ஆனால் ஆல்பத்தின் பின்பாதியில் பாடல்கள் ஒன்றுபோல ஒலிப்பதாகத் தோன்றுகிறது. உறுமல் குரல்தான் எனக்குப் பெரிய தடையாக இருக்கிறது. அந்தக் குரல் இல்லாமலேயே இதைச் செய்திருக்கலாமே என்று எண்ணுகிறேன். இன்னொரு கேள்வி: பெண் குரலையும் வாத்தியக் குழுவையும் கடின இசையில் சேர்ப்பது இவர்களுக்கு முன்பே நடந்ததாகப் படித்தேன். அப்படியானால் இந்த ஆல்பத்தை முன்னோடி என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

பெண்ணைக்கரை எழுதியது:

வாருங்கள் அம்மா. நல்ல கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள்.

முன்னோடி யார் என்பதை முதலில் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் குழு 1987இல் வெளியிட்ட 'இன்டு தி பாண்டிமோனியம்' ஆல்பத்தில் பெண் குரலும் வாத்தியக் குழுவும் உண்டு. ஸ்வீடனின் கேண்டில்மாஸ் குழு 1986இலேயே மெதுவான, கம்பீரமான டூம் மெட்டலை உருவாக்கிவிட்டது. ஹாலிஃபாக்ஸுக்கு அருகிலுள்ள லீட்ஸ் நகரத்தின் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழு கோதிக் ராக் இசையை 1980களில் பரப்பியது. அதன் தாக்கத்தைப் பாரடைஸ் லாஸ்ட் குழுவினர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே தனித்தனிப் பொருள்களாகப் பார்த்தால் புதியது அதிகமில்லை. பெண் குரலுக்காக இதை முன்னோடி என்று அழைக்க வேண்டாம் என்று நான் முதலிலேயே வாதிட்டதற்கும் இதுவே காரணம்.

பின்னால் வந்தவர்களை இரண்டு கிளைகளாக நான் பார்க்கிறேன். நார்வேயின் தியேட்டர் ஆஃப் ட்ராஜெடி 1995இல் உறுமலையும் பெண் குரலையும் இருவர் உரையாடலாக ஆல்பம் முழுவதும் அமைத்தது. அதிலிருந்து பெரிய ஒரு கூட்டமே கிளம்பியது. அந்தக் கிளை எளிதில் கண்ணில் படும். இன்னொரு கிளை கித்தாரைப் பின்பற்றியது. ஸ்வீடனின் கட்டடோனியா 1996இல் வெளியிட்ட 'பிரேவ் மர்டர் டே' ஆல்பத்தில் பெண் குரலும் இல்லை, வாத்தியக் குழுவும் இல்லை. மீண்டும் மீண்டும் சுழலும் கித்தார் கோடுகளும் உறுமலும்தான் பெரும்பகுதி. அதிலும் அதே வெறுமை முழுமையாக இருக்கிறது. 'கோதிக்' தந்த உண்மையான கொடை எது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உறுமலைப் பற்றி: அந்தக் குரல் ராகத்தைக் கைவிட்டதனால்தான் கித்தாருக்கு அந்த இடம் காலியானது. ஹோம்ஸ் அடுத்தடுத்த ஆல்பங்களில் உறுமலிலிருந்து விலகிப் பாடத் தொடங்கினார். 1993இன் 'ஐகான்' ஆல்பத்திலும் 1995இன் 'டிராகோனியன் டைம்ஸ்' ஆல்பத்திலும் குரல் ராகத்தை எடுத்துக்கொள்ளவே, கித்தார் பல இடங்களில் குரலுக்கு மறுமொழி சொல்லும் நிலைக்கு நகர்ந்தது. அவை மிகச் சிறந்த ஆல்பங்கள், ஆனால் அவற்றின் கட்டமைப்பு வேறு. உறுமலை நீக்கினால் 'கோதிக்' உங்களுக்கு எளிதாகலாம். ஆனால் அப்போது அது வேறொரு ஆல்பமாக இருக்கும். ஹோம்ஸின் குரலைப் பாட்டாகக் கேட்க முயலாமல் தாள வாத்தியமாகக் கேட்டுப் பாருங்கள். அவர் மெய்யெழுத்துகளை டிரம்ஸின் அடியோடு சேர்த்து வைப்பது தெரியும்.

அந்திக்கரை எழுதியது:

பின்பாதி ஒன்றுபோல ஒலிக்கிறது என்று தங்கை சொன்னதில் நியாயம் இருக்கிறது. 'ஃபாலிங் ஃபார்எவர்' தொடங்கி 'தி பெயின்லெஸ்' வரை பாடல்களின் வேகமும் அமைப்பும் அதிகம் மாறுவதில்லை. ஆர்ச்சரின் டிரம்ஸ் எளிமையானது. மெதுவான இடங்களில் அது பொருந்துகிறது, வேகம் கூடும் இடங்களில் போதவில்லை. இதை ஆல்பத்தின் நண்பர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்காம் கட்டை எழுதியது:

பின்பாதி முழுவதையும் அப்படித் தள்ளிவிட முடியாது. 'சைலன்ட்' பாடலில் லீட் கித்தார் ஒரு சொற்றொடரைச் சொல்லிவிட்டு, அடுத்த சுற்றில் அதையே சற்று நீட்டிச் சொல்லுவதைக் கவனியுங்கள். நம் இசையில் சங்கதி போடுவதற்கு நெருக்கமான மனப்போக்கு அது. பாடல்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்ற எண்ணம், ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கித்தார் சொற்றொடரை) மட்டும் பின்தொடரும்போதுதான் எழுகிறது. கடைசியில் வரும் 'டெசோலேட்' இரண்டு நிமிடம்கூட இல்லாத, வரிகளற்ற வாத்தியக் குழுத் துண்டு. அது ஆல்பத்தை முடித்துவைக்கவில்லை, பாதியில் நிறுத்துகிறது. எனக்கு அந்த முடிவு பிடிக்கும். பலருக்குப் பிடிக்காது என்பதும் தெரியும்.

வெள்ளிக்கடற்கரை எழுதியது:

நீங்கள் சொன்னபடி உறுமலைத் தாளமாக எடுத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். 'ராப்சர்' இப்போது முற்றிலும் வேறாக ஒலிக்கிறது. 'டெட் எமோஷன்' இன்னும் பிடிபடவில்லை. செல்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்கும்போது லீட் கித்தார் தவிர எல்லாம் மறைந்துவிடுகிறது. காதொலிப்பானில் கேட்கும்போது இரைச்சல் மிகுதியாகிறது. இதற்கு ஏதேனும் வழி உண்டா? அடுத்து எந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பெண்ணைக்கரை எழுதியது:

செல்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் வராது. அவை இல்லாவிட்டால், நம் லாஸ்பேட்டை நண்பர் விளக்கிய ஆதார மாற்றம் உங்களுக்குக் கேட்காது. லீட் கித்தார் வெறும் மெட்டாகச் சுருங்கிவிடும். ஆகவே காதொலிப்பானே நல்லது. ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, முதல் சுற்றில் பேஸ் கித்தாரை மட்டும் பின்தொடருங்கள். ஆதாரம் எங்கே நகர்கிறது என்று பழகியபின் லீட் கித்தாருக்கு வாருங்கள். 'டெட் எமோஷன்' பாடலுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும்.

அடுத்த ஆல்பமாக 1992இல் வந்த 'ஷேட்ஸ் ஆஃப் காட்' ஆல்பத்தைச் சொல்லுவேன். குரல் பாட்டை நோக்கித் திரும்பும் வாசல் அது. அதன்பின் அந்திக்கரை நண்பரின் 'டர்ன் லூஸ் தி ஸ்வான்ஸ்', அதிலும் 'தி கிரவுன் ஆஃப் சிம்பதி' என்ற நீண்ட பாடல். நம் நாட்டிலேயே டெத் மெட்டலும் டூம் மெட்டலும் கலந்த டெத்-டூம் வாசித்தவர்களைக் கேட்க விரும்பினால், பெங்களூரின் டையிங் எம்பிரேஸ் குழு 1990களிலேயே இந்த மரபில் இயங்கியது, தேடிக் கேளுங்கள். உறுமல் பழகிவிட்டால், 2015இல் வந்த 'தி ப்ளேக் விதின்' ஆல்பத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஹோம்ஸ் அதில் உறுமலுக்குத் திரும்பியிருக்கிறார். அவர் உறுமும் இடங்களில் லீட் கித்தார் என்ன செய்கிறது, அவர் பாடும் இடங்களில் என்ன செய்கிறது என்று ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.